மார்சி போட்ட வட்டம்

மார்சி நோவோட்னி ஒருவரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பதினொரு வருடம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவள் நான். அப்படிப்பட்டவள்தான் ஒரு தகப்பனையும் மகளையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிரித்து வைத்தாள்.

மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தாறாம் வயதில் மாலை வகுப்பில் கணினி கற்றுக்கொண்டு, பிட்ஸ்பர்கில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள். கணவரைக் குடி கொண்டுபோய்விட்டது. ஒரே மகன் கெவின் அவளோடு பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம்.

எங்கள் ஆய்வில், குடியை விட்டவர்களிடம் ஒரு செல்போனைக் கொடுத்து ஆறு மாதம் கூடவே வைத்திருக்கச் சொல்வோம். எங்கே போனார்கள், எவ்வளவு நடந்தார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதையெல்லாம் அது எண்களாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை அலசி, இன்னார் தடுமாறுகிறார் என்று சொல்லும் மென்பொருளை சர்வரில் ஏற்றி ஓடவைப்பது மார்சியின் பொறுப்பு. மூன்று மாலை தொடர்ந்து ஒருவர் பாரில் இருந்ததாகத் தெரிந்தால், அவரே எழுதிக்கொடுத்த உறவினருக்குச் சொல்லுவோம். அதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மென்பொருளைப் புதிதாக ஏற்றினால், முதல் வாரம் ஏற்றியவரின் சொந்த செல்போனில்தான் ஓட்டிப்பார்க்க வேண்டும். திங்கட்கிழமை அவர் போன இடங்களின் வரைபடத்தைச் சுவரில் போடுவோம். ஒருமுறை எங்கள் தலைவி டாக்டர் இமானி வெப்பின் வாரம் சுவரில் வந்தது.

"என்ன டாக்டர், நாலு நாளும் டோனட் கடையா? ஜிம்முக்குப் போறதா சொன்னீங்க!" என்றேன் நான்.

"அட, ஜிம்முல வேர்க்க வேர்க்க ஓடினேன்! பக்கத்துக் கடை டோனட்டை உங்க மெஷின்தான் ஊட்டுது."

அந்தச் சிரிப்பில்தான் பிழைகள் பிடிபடும்.

செப்டம்பரில் புது சர்வர் வந்தது. மார்சி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு நிரலின் பதிப்பு மற்றொன்றோடு ஒத்துப்போகாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று விழும். மூன்றாம் நாள் ஓடியது. பாக்கி இருந்தது அமைப்புக் கோப்பு மட்டும். எதை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் முந்நூறு வரி அது. எங்கள் தொழிலில் யாரும் அதை முதலிலிருந்து எழுதுவதில்லை. முந்தைய ஆய்வின் கோப்பை எடுத்து, தேவையானதை மாற்றிப் போட்டுக்கொள்வோம். அவளும் அப்படியே செய்தாள்.

முந்தைய ஆய்வு பண்ணைகளில் நடந்தது. அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சோளக்காடே இருக்கும். அதனால் ஒரு இடத்தைச் சுற்றி நூற்றைம்பது மீட்டர் வரை எல்லாம் அதே இடம் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். நகரத்தில் நூற்றைம்பது மீட்டருக்குள் இருபது கதவுகள் இருக்கும். அந்த ஒரு வரியை மாற்ற மார்சி மறந்தாள்.

சொந்த செல்போனில் ஓட்டியிருந்தால் அவள் போன இடமெல்லாம் குழம்பித் தெரிந்திருக்கும். ஆனால் அவள் மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய செல்போனைத்தான் இணைத்தாள். ஏழு நாளும் அது இழுப்பறையை விட்டு நகரவில்லை. திங்கட்கிழமை சுவரில் ஒரே ஒரு புள்ளி.

"ஏன் மார்சி, வாரம் முழுக்க ஆபீஸ்லயேவா குடியிருந்தே?" என்று நான் கேலி செய்தேன்.

"என் ஃபோன் ரிப்பேரு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் அதோடு விட்டுவிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது.

அக்டோபர் முதல் வாரம் முப்பத்தொன்றாம் எண் தடுமாறுகிறவர்கள் பட்டியலில் வந்தது. மூன்று மாலை, ஒரே பார். எண்ணுக்குப் பின்னால் இருந்தவர் லெஸ்டர் கெர்லாக், பாலங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவர் எழுதிக்கொடுத்திருந்தது அக்கா ராபர்ட்டாவின் பெயரை. லெஸ்டரின் ஒன்பது வயது மகள் ஹேஸல் வளர்வது அந்த அக்கா வீட்டில். குடிக்காமல் இருந்தால் ஞாயிறுதோறும் வந்து மகளைப் பார்க்கலாம் என்பது அவர்களுக்குள் பேச்சு.

மார்சி போன் செய்தாள்.

"நிச்சயமாத்தானா சொல்றீங்க? அவன் நேத்துகூட சத்தியம் பண்ணானே" என்றாள் ராபர்ட்டா.

"என் வீட்டுக்காரரும் சத்தியம் பண்ணுவாரும்மா. எண்ணு பொய் சொல்லாது."

பத்தொன்பது நாள் கழித்து லெஸ்டரே வந்தார். பெயிண்ட் திட்டுத் திட்டாக ஒட்டிய பூட்ஸோடு மார்சியின் மேஜை முன் நின்று, எங்கள் செல்போனை வைத்தார்.

"இந்தாங்கம்மா. உங்க ஒற்றனை நீங்களே வெச்சுக்கோங்க."

"மிஸ்டர் கெர்லாக், ஆய்வுல இருந்து விலகறீங்கன்னா ஒரு படிவம்..."

"படிவமா? மூணு ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கதவைத் திறக்கல. பதினாலு மாசமா ஒரு சொட்டு தொடல நான். தினம் சாயங்காலம் சர்ச் கீழ்த்தளத்துல, குடியை விட்டவங்க கூட்டத்துல உக்காந்திருக்கேன். ஆறிப்போன காப்பியும் இரும்பு நாற்காலியும்தான் எனக்கு பார்!"

"எந்த சர்ச்?"

அவர் சொன்னார். மார்சி வரைபடத்தைத் திறந்தாள். சர்ச்சுக்கும் அந்த பாருக்கும் நடுவில் ஒரு சலவைக்கடை. நாற்பது மீட்டர். அவள் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். விரல் நூற்றைம்பது மீட்டர் என்ற அந்த வரியில் நின்றது. கழுத்திலிருந்து நெற்றிவரை ரத்தம் ஏறுவதை நான் பார்த்தேன். ஐயோ, அந்த முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

"நீங்க பாருக்குப் போகல. நான்... நான்தான் உங்களை அங்க கொண்டுபோய் உக்கார வெச்சுட்டேன்" என்றாள்.

லெஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "போன ஞாயிறு அந்த பார் வாசல்ல நின்னேம்மா" என்றார் மெல்ல. "எப்படியும் குடிகாரன்னு முடிவு பண்ணிட்டாங்க, குடிச்சே தொலைக்கலாமேன்னு." அவ்வளவுதான். போய்விட்டார்.

மார்சி நேராக டாக்டர் வெப் அறைக்குப் போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

"வரியை மறந்தது யாருக்கும் வர்ற தப்பு" என்றார் டாக்டர். "ஆனா அந்த ஒத்தப் புள்ளி? நீங்க ஏன் உங்க ஃபோனை மாட்டல மார்சி?"

மார்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "சனிக்கிழமை சனிக்கிழமை கெவின் வீட்டு எதிர்ல காரை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருப்பேன். உள்ள போகமாட்டேன். அவன் குப்பைத் தொட்டியை எடுத்து வைக்க வெளிய வருவான்ல, அதைப் பாத்துட்டு வந்துருவேன். அது சுவத்துல வந்தா எல்லாரும் கேப்பீங்க. பெத்த பிள்ளை வீட்டு வாசல்ல திருடி மாதிரி நிக்கறேன்னு எப்படிச் சொல்றது?"

தன் அவமானத்தை மறைக்கப் போய், ஒரு பாவமும் அறியாத மனுஷனுக்கு அதைவிடப் பெரிய அவமானத்தைத் தேடித்தந்திருந்தாள். அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது புரிந்தது.

டாக்டர் அன்றே ஆய்வை நிறுத்தி மேலிடத்துக்கு எழுதினார். ராபர்ட்டாவுக்குக் கடிதம் அனுப்பலாம் என்றார். மார்சி கேட்கவில்லை. அன்று சாயங்காலமே போகவேண்டும் என்று நின்றாள். நான்தான் கார் ஓட்டினேன்.

ராபர்ட்டா எல்லாவற்றையும் வாசலில் நின்றே கேட்டாள். "இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள் கடைசியில்.

"ஃபோன்லதானேம்மா கெடுத்தேன்."

ராபர்ட்டாவின் பின்னால் ஹேஸல் நின்றிருந்தாள். "அப்பா குடிக்கலன்னுதான் சொன்னாரு" என்றாள் அந்தக் குழந்தை. "அவரு பொய் சொல்றாருன்னு நான் சொல்லிட்டேன்."

"நீ சொல்லல கண்ணு. நான் சொல்ல வெச்சேன்" என்று மார்சி விம்மினாள்.

ராபர்ட்டா தம்பியின் சொந்த எண்ணுக்குப் போன் செய்தாள். இரண்டு முறை அவர் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தார். "வாடா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள்.

நாங்கள் காருக்குத் திரும்பினோம். ஆனால் அவர் வரும்வரை கிளம்ப மார்சிக்கு மனம் வரவில்லை. அரைமணி நேரத்தில் லெஸ்டர் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்தார். மார்சி இறங்கி நின்றாள். அவர் அவளைத் தாண்டிப் போனார். படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"உங்க பட்டியல்ல என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்" என்றாள் மார்சி.

"அவங்க வீட்டுக்கும் போங்க."

கதவு திறந்தது. அவர் உள்ளே போனார். மார்சி காரில் ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு முகவரியை எனக்கு வாசித்தாள்.