சுவருக்கு மேலே வந்த சிரிப்பு

மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேலே எல்லாம் ஒரே வீடுதான். இங்கே தாளித்தால் அங்கே இருமுவார்கள். யாரும் யார் வாசலுக்கும் போய்ப் பேசுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே சுவருக்கு மேலே குரல் கொடுப்போம், பதிலும் அப்படியே வரும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

அந்த வருஷம் அம்மாவுக்குச் சர்வீஸ் முடிய இருந்தது. கொழுந்து கிள்ளுகிறவருக்கு வேலை முடிந்தால் கம்பெனி கொடுத்த வீடும் முடிந்தது. வீட்டில் இன்னொருவர் கம்பெனி ஆளாக இருந்தால் மட்டும் காலி செய்ய வேண்டியதில்லை. புதிதாகக் கொழுந்துக்கு ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். டூரிஸ்ட்டுகள் தங்கும் கம்பெனி பங்களாவில் ரிசப்ஷனுக்கு மட்டும் ஆள் வேண்டும், இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஆள். எனக்குத் தெரிந்ததோ பரீட்சைப் பேப்பரில் எழுதுகிற இங்கிலீஷ். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அதனால் போனில் வெளிநாட்டுப் பேட்டி நிகழ்ச்சிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கோட்டுப் போட்ட ஒருவர் மேசைக்குப் பின்னால் இருப்பார். சினிமா நட்சத்திரங்கள் வந்து சோபாவில் உட்கார்ந்து வீட்டுக் கதை பேசுவார்கள். லாண்டரி, லெஃப்ட்ஓவர்ஸ், அக்வர்ட் என்று பாடப்புத்தகத்தில் வராத வார்த்தைகள் எல்லாம் அங்கேதான் கிடைத்தன. நிறுத்தி நிறுத்தி நானும் சொல்லிப் பார்ப்பேன். அவர்கள் ஒன்றைச் சொன்னதும் கூட்டம் சிரிக்கும், சிரிப்பு அடங்கும் வரை காத்திருப்பார்கள். நானும் காத்திருக்கப் பழகினேன்.

ஒரு நடிகை ராத்திரி மிஞ்சியதைத்தான் காலையில் சாப்பிடுவேன் என்றாள். அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

“அம்புட்டுக் காசு வச்சுக்கிட்டுப் பழையதா திங்கிறா?” என்று அம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்பல் போன இடத்தில் மெல்லிய விசில் வருகிற சிரிப்பு அது.

பேட்டி முடிந்து எழும்போது எல்லாரும் ‘தேங்க்ஸ் ஃபார் ஹேவிங் மீ’ என்பார்கள். அதற்கும் அம்மா அர்த்தம் கேட்டாள்.

“கூப்பிட்டு உக்கார வச்சீகளே, அதுக்கு நன்றின்னு சொல்றாகம்மா.”

“பரவாயில்லையே. போறப்பயும் மரியாதையாப் போறாக.”

எங்கள் பக்கத்து வீடு காலி. அங்கிருந்த அக்காவின் புருஷனுக்குச் சர்வீஸ் முடிந்து, குடும்பத்தோடு போடிக்கு இறங்கிப் போய்விட்டார்கள். கதவில் கம்பெனிப் பூட்டு தொங்கியது.

ஒரு மத்தியானம் மஞ்சு மூட்டம் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. போனில் கூட்டம் சிரித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு, சுவருக்கு மேலே இருந்து ஒருத்தி மட்டும் சிரித்தாள். தொண்டைக்குள் உருளுகிற சிரிப்பு. எந்த வேடிக்கைக்கும் கடைசி ஆளாகத்தான் அந்த அக்கா சிரிப்பாள்.

“என்னக்கா, அப்படிச் சிரிக்கிறீக?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது பூட்டிய வீடு என்பது நினைவுக்கு வந்தது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “அங்க யாரு இருக்கா? பேசாம இரு,” என்றாள். ஆனால் முறம் நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தேன். பூட்டில் துரு ஏறியிருந்தது. ஜன்னல் வழியே வெறுந்தரை தெரிந்தது. அந்த அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து அம்மாவைப் போன் செய்ய வைத்தேன். அக்கா சௌக்கியமாக இருந்தாள்.

“இருக்கேன். வயிறு ரொம்புது. என்னமோ, இங்க வந்து சிரிச்சே நாளாச்சு,” என்றாளாம்.

அதற்குப் பிறகும் சிரிப்பு வந்தது. போனை அணைத்துவிட்டு நானாக இங்கிலீஷில் ஒன்றைச் சொன்னாலும் வந்தது. எனக்குப் பயம்தான். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. என் இங்கிலீஷை ரசிக்க வேறு யார் இருந்தார்கள்? சொல்வேன், நிறுத்துவேன், சிரிப்பு வரும், மேலே போவேன். நாளாக நாளாகச் சரளமாகவே பேசினேன்.

பங்களா ஆபீஸில் இன்டர்வியூ. மேனேஜரும் ஓர் அம்மையாரும் இருந்தார்கள். உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். பிசிறில்லாமல் ஆரம்பித்தேன். மலையேறி வந்த டூரிஸ்ட்டுகளின் கதை ஒன்றைச் சொல்லி, சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் சுவர் கூரை வரைக்கும் போயிருந்தது. நான் அதன் உச்சியையே பார்த்துக் காத்திருந்தேன். அம்மையாரும் திரும்பி அங்கே பார்த்தார். அடுத்த கேள்விக்கும் பாதி சொல்லி நின்றேன். சிரிப்பு வராமல் அடுத்த வாக்கியம் எனக்கு வரவில்லை.

வேலை மூணாறு டவுன் பெண் ஒருத்திக்குப் போனது. நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். எனக்கு அவளைப் பிடிக்காது.

வீட்டை ஒழித்துக் கொடுத்த அன்று காலையிலேயே ஜீப் வந்தது. கட்டில், பாத்திரம், துணி மூட்டை எல்லாம் ஏறியாயிற்று. அம்மா கடைசியாக ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்று, வெற்று அறையைப் பார்த்து, “தேங்க்ஸ் ஃபார் ஹேவிங் மீ,” என்றாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அல்ல, நாங்கள் அப்போதுதான் காலி செய்த எங்கள் வீட்டுக்குள்ளிருந்து. கடைசியில் மெல்லிய விசிலோடு.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். உதட்டை இறுக மூடி நின்றிருந்தாள்.

“பூட்டு தாயி. வண்டி நிக்கிது.”

பூட்டினேன்.

இப்போது போடியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். ராத்திரி மிஞ்சியதைச் சாப்பிடுகிற அந்த நடிகையின் வீடியோவை அடிக்கடி போட்டுக் காட்டி, சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்திக் காத்திருக்கிறேன். அம்மா கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, முடிஞ்சிருச்சா என்று கேட்கிறாள்.