எல்லை வீரன் உடுப்பு

குமுளி பஸ் ஸ்டாண்ட் கடையில் அண்ணன் வாங்கிவந்த பழைய படக்கதைப் புத்தகத்தில் இருந்துதான் எல்லை வீரன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தான். தேசியக் கொடி நிறத்தில் உடுப்பு, முகமூடி, நாட்டுக்காகச் சண்டை. ஒருவன் செத்தால் இன்னொருவன் அதே முகமூடியை மாட்டிக்கொள்வான். எதிரிகளுக்கு அவன் சாகாதவன். அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு, ஆகஸ்ட் பதினைந்தன்று எல்லை வீரனாகத்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பழனிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் காவி வேட்டி தந்தார். மாதா கோயில் பூசைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை அம்மா கிழித்தாள். பச்சைக்கு என் பாவாடை போயிற்று. என்னிடம் உருப்படியாக இருந்ததே அது ஒன்றுதான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

சில வருடம் அந்த உடுப்போடு ஏலக்காய் ஸ்டோர்க் கூரையில் ஏறிக் கொடி ஆட்டினான். பிறகு நிஜமாகவே பட்டாளத்துக்குப் போனான். எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையில் செத்தான். உடல் வரவில்லை, அவன் டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டுமே. அவன் துணிமணிகளைப் புதைத்துச் சிலுவை நடலாம் என்றார் கோயில் உபதேசியார். சட்டை, வேட்டி, செருப்பு எல்லாம் குழிக்குள் போயிற்று. எல்லை வீரன் உடுப்பை மட்டும் அம்மா விடவில்லை. செத்தவன் துணியில் மிச்சம் வைத்தால் அவன் எப்படிப் போவான் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அடுப்புக்கு மேலே ஆணியில் அது தொங்கியது. அதற்கு முதுகைக் காட்டி நான் உட்காரவே மாட்டேன். பயம்தான், சொன்னால் என்ன?

அடுத்த ஆகஸ்டில் தம்பி அதை எடுத்து மாட்டினான். அண்ணன் உயரத்துக்கு வளர்ந்திருந்தான். ஒருவன் செத்தால் இன்னொருவன், அதுதானே கதை என்றான். மறுவாரம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் நிற்கப்போவதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அன்று சாரல் விடவே இல்லை. பனிக்குள்ளிருந்து முகமூடி வந்தபோது களத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு தோளைச் சாய்த்து நடக்கும் அண்ணனின் நடையேதான். அம்மா எழுந்து போய் அவன் கையைப் பிடித்தாள்.

“வந்துட்டியாய்யா? ஒந்தம்பியும் பட்டாளத்துக்குப் போயிருவானோன்னு பயமா இருக்குய்யா. நீ சொன்னா கேப்பான். போகாதன்னு சொல்லிட்டுப் போ.”

தம்பி முகமூடியைக் கழற்றிவிடுவான் என்று நினைத்தேன். கழற்றவில்லை. மழையில் அப்படியே நின்றான்.

“சரிம்மா, சொல்லிர்றேன்,” என்றான்.

மத்தியானம் தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவனிடம், மூத்தவன் வந்ததையும் வாக்குக் கொடுத்ததையும் அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான். பட்டாளத்துக்குப் போகவில்லை. ஸ்டோரில் ஏலக்காய் காயவைக்கும் வேலையிலேயே காலத்தை ஓட்டினான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அம்மா அந்த உடுப்பைத் தைத்துத் துவைத்து வைப்பாள், அவனும் மாட்டிக்கொள்வான்.

அம்மா படுத்த படுக்கையானபோது மலம் மூத்திரம் அள்ளியது தம்பிதான். கடைசி நாளில் அவன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இவன் கெடக்கட்டும். மூத்தவன வரச் சொல்லு தாயி.”

தம்பி எழுந்து போய் ஆணியிலிருந்த முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான்.