ஆப்பிள் மரத்தடி மேசை

ஜேர்மனியின் கொலோன் நகரில் ஒரு தோட்டத்துக் கஃபே. அம்மா, பெரியம்மா, நான். பரிசாரகர் சரளைக் கல்லில் மேசையை இழுத்த சத்தம் கேட்டதும் எனக்கு மறுபடி ஆறு வயதாகிவிட்டது.

அப்போது அகதி விண்ணப்பம் முடியும்வரை அவரவர் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. பெரியம்மாவுக்குப் பக்கத்து மாவட்டம். எல்லை ஒரு கிராமத்துச் சாப்பாட்டு விடுதியின் தோட்டத்தில், ஆப்பிள் மரத்தடியால் போனது. முதல் ஞாயிறு அம்மா மரத்துக்கு இந்தப் பக்கமும் பெரியம்மா அந்தப் பக்கமுமாக, கையில் கோப்பியோடு நின்றே கதைத்தார்கள். விடுதிக்காரப் பெண்மணி விசாரித்தார். அப்பா தனக்குத் தெரிந்த டொச் மொழியில் விளக்கினார். அந்தப் பெண்மணி தன் கணவரைக் கூப்பிட்டு, நீள மேசையைக் கரகரவென்று இழுத்து வந்து, பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாகப் போட்டார்.

நடுவில் பிளம்ஸ் கேக். நான் மேசைக்கு அடியால் புகுந்து பெரியம்மாவின் மடியில் ஏறிவிட்டேன். யாரோ கொடுத்த அவருடைய பழைய கோட்டில் பூச்சி உருண்டை மணத்தது.

"ஐயோ, பிள்ளை எல்லைக்கு அங்காலை போயிட்டுது!" என்று அம்மா பதறினார்.

"பொலிஸ் வந்தா, கேக் தின்ன வந்தவள் எண்டு நான் சொல்லுறன். நீ கோப்பியைக் குடி," என்றார் பெரியம்மா.

மூன்று கோடைகள் அப்படித்தான் சாப்பிட்டோம்.

இப்போது இருவருக்கும் எண்பது நெருங்குகிறது. கொலோன் கஃபேயில் பரிசாரகர் எதிரெதிரே கதிரைகளை வைத்தார். அம்மா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியம்மாவின் தோளோடு ஒட்டிப் போட்டார்.

"முன்னுக்கு இருந்தா முகம் பாத்துக் கதைக்கலாமே, அம்மா?"

"எதிரெதிரா இருந்தது போதும், பிள்ளை."