கத்தரிச் செடியும் ஒயின் திப்பியும்

பொங்கல் முடிந்ததும் எனக்கு இரண்டு கிறுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடியில் கத்தரி நடுவேன். சமையலறை மூலையில் பீங்கான் ஜாடியில் ஒயின் போடுவேன். ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டு மேசைக்குக் கடை பாட்டில் வரக்கூடாது. தெருவுக்குத் தெரு பாட்டில் கடை இருக்கும் பாண்டிச்சேரியில் இது என்ன வீம்பு என்று என் கணவர் வருடா வருடம் கேட்பார். கேட்டுவிட்டு முதல் கிளாஸை அவரே குடிப்பார்.

கருவடிக்குப்பத்தில் நாங்கள் மாடி வீடு. கீழ்வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள், அவள் கணவருக்கு டவுனில் துணிக்கடை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிதான் எங்கள் எல்லை. கிழக்கே அவளுடைய கத்தரிப் பைகள் ஆறு, மேற்கே என்னுடையவை ஆறு. நாற்று இருவரும் ஒன்றாகப் போய் வாங்கியதுதான். ஆனால் நட்ட மறுநாளே போட்டி ஆரம்பித்துவிடும். யார் செடி முதலில் பூக்கிறது என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போய் எட்டிப் பார்ப்போம்.

அவளுக்கு இந்த வருடம் போட்டியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. போன நோன்புப் பெருநாளில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காயில் ஒரு புழு இருந்திருக்கிறது. அது வேறு யார் தட்டிலும் விழாமல், காரைக்காலில் இருந்து வந்திருந்த நாத்தனார் தட்டில் போய் விழுந்தது. அந்த அம்மாள் அதையே வருடம் முழுக்கப் போனில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ என் செடிக் காய்தான்க்கா. அவங்க வாயே தொறக்கக் கூடாது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

என் ஒயின் விஷயத்தில் அவளுக்குக் கிண்டல் அதிகம். திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட், நாலு கிராம்பு எல்லாம் போட்டு மூடிய ஜாடியைத் தினமும் திறந்து மரக்கரண்டியால் கிளறுவேன். அப்போது அவள் வந்தால் வாசலிலேயே நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா சொல்லுது உங்க சரக்கு?" என்பாள். உள்ளே வரமாட்டாள். இருமல் மருந்து வாங்கினால்கூடப் பாட்டிலைத் திருப்பி அதில் ஆல்கஹால் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பவள் அவள்.

இந்த வருடம் அவர்கள் நோன்பும், ஈஸ்டர் வரை நாங்கள் கறி தொடாத தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. அந்த வாரம்தான் ஒயினை வடிகட்டினேன். துணியில் தோலும் விதையுமாக ஒரு குவியல் திப்பி தங்கியது. எதையும் தூக்கிப்போட மனசு வராத ஜென்மம் நான். மாடிக்குக் கொண்டுபோய் என் ஆறு பைகளிலும் மண்ணைக் கிளறிப் போட்டு மூடினேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம் அவள் செடிகள் சோகையாக நின்றன. பாவம், பெருநாளுக்குள் காய்க்க வேண்டுமே என்று அவள் பைகள் சிலவற்றிலும் போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கீழே இறங்கிக் கை கழுவினேன்.

இரண்டு வாரத்தில் அவள் செடிகள் பூத்தன. பிறகு பிஞ்சு விட்டன.

"பாத்தீங்களாக்கா என் கைராசிய!" என்று அவள் குதித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அது வெறும் திராட்சைத் திப்பி இல்லை, ஒயின் திப்பி. அதுவும் நோன்பு மாதத்தில், அவள் செடியில்.

சொல்லியிருக்கலாம். வாயை அடக்கத் தெரியாதவள் என்று பெயரெடுத்த எனக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாக்கு எழவில்லை. அவள் ராசாத்தி மாதிரி தினமும் வந்து காய்களை எண்ணிவிட்டுப் போனாள். நான் துணி காயப்போடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தவக்காலத்தில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டது, வம்பு பேசியது என்று வழக்கமான பட்டியலை முடித்துவிட்டுக் கத்தரிச் செடிக் கதையையும் சொன்னேன். சாமியார் சிரிப்பை அடக்குவது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"இத எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆவப்போவுது? மொட்ட மாடிக்குப் போய்ச் சொல்லுங்க" என்றார்.

பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு மாடியில் வைத்து அவளிடம் சொன்னேன். சாமியாரிடம் சொன்னது உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கையில் கூடை இருந்தது.

"எத்தன பையில போட்டீங்க?"

"மூணுல."

"எந்த மூணு?"

எனக்கு நினைவில்லை. அவள் காலிக் கூடையோடு இறங்கிப் போனாள்.

அதன் பிறகு மாடிக்கு வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் போனைப் பார்த்துக்கொண்டே போனாள். "நல்லா இருந்த செடிக்குக் குடிக்கக் கத்துக் குடுத்துட்ட" என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய காய்கள் பளபளவென்று தொங்குவதைப் பார்த்து அழுதேன். பத்து வருடப் பழக்கத்தை நானே மண் தோண்டிப் புதைத்துவிட்டேன் என்று தோன்றியது.

பெருநாள் அன்று நண்பகலில் கதவு தட்டப்பட்டது. புதுப் புடவையில் அவள் நின்றாள், கையில் மூடி போட்ட பாத்திரம்.

"நீங்க சொன்ன அன்னைக்கே எங்க வூட்டுக்காரர் பள்ளிவாசல்ல ஹஜ்ரத்தப் பாத்துக் கேட்டுட்டாரு. மண்ணுக்குப் போனது மண்ணாயிடுச்சு, காய் காய்தான், கழுவி ஆக்குங்கன்னு சொல்லிட்டாரு. காலைல பறிச்சு ஆக்கிட்டேன். நாத்தனார் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கினாங்க."

"அப்புறம் ஏன்டி எங்கிட்ட பேசல?"

"பின்ன? செடி என்னுது. நீங்க சாமியார்கிட்ட போய் மொதல்ல சொல்லுவீங்களா?"

பாத்திரத்தைத் திறந்தாள். ஒரு பக்கம் கத்தரிக்காய், மறுபக்கம் வெறும் நெய்ச்சோறு.

"உங்களுக்கு இப்ப கறி ஆவாதுன்னு தனி அடுப்புல வெச்சேன். பிரியாணி கிளறுன கரண்டிகூட இதுல படல."

வீட்டில் அத்தனை விருந்தாளிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"திப்பி போட்ட அன்னைக்கு உன் நோன்பு எனக்கு ஞாபகமே வரலடி" என்றேன்.

"எனக்கு உங்களுது வந்துச்சு. சாப்புடுங்க, ஆறிடும்" என்றாள்.