மூன்றாம் நம்பர் ஓடுகளும் ஒரு நிச்சயதார்த்தமும்

என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. கூரை காண்ட்ராக்டர். ஆனால் ஏணியில் மூன்று படிக்கு மேல் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் எங்கள் தொழிலில் கீழே நின்று பேசுவது அவர், மேலே ஏறுவது நான். மாதனூரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் ஒன்பது வருஷம் குனிந்தே வேலை செய்தவள் நான். கூரை முகட்டில் நிமிர்ந்து நிற்கும்போது வரும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பாலாறு தெரியும். மலை தெரியும். ரோட்டில் கம்பெனி பஸ் போவது தெரியும், அதில் நான் இல்லை என்பதும் தெரியும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன். சிரித்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் மறந்துவிடக் கூடாது.

1. தென்னை சாய்ந்த வீடு

ஐப்பசி மாதப் புயலில் ஆம்பூர் பக்கம் முனிரத்தினம் அண்ணன் வீட்டின் மேல் தென்னை சாய்ந்துவிட்டது. அவருடைய அப்பா கட்டிய சீமை ஓட்டு வீடு. நாங்கள் போனபோது ஹாலில் உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்க்கலாம். பாதி ஓடுகள் நொறுங்கிவிட்டன. ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டங்களைக் கரையான் தின்றுவிட்டு, பெயருக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது.

"ஷீட் போட்டுடலாம்ணா. ரெண்டே நாள் வேல" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஷீட்டா? இன்னா மேஸ்திரி பேசறீங்க! அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம எம் பொண்ணு கௌசல்யாவுக்கு நிச்சயம். காவேரிப்பாக்கத்துல இருந்து அம்பது பேரு வர்றாங்க. இந்த ஓட்டு வீட்டப் பாத்துட்டுதான் மாப்பிள்ளையோட அம்மா சரின்னாங்க. இப்ப தகரக் கொட்டாயில உக்கார வச்சா இன்னா நெனப்பாங்க?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சரோஜா அக்கா என்னைப் பார்த்து, "எதப் போட்டாலும் சமையக்கட்டுப் பக்கம் கெட்டியாப் போடும்மா. மழ எப்பவும் அங்கதான் அடிக்கும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். காதில் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

"பத்து நாள்ல முடிச்சிடறேன்ணா. ஒரு சொட்டு ஒழுகாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

2. தோல் பார்த்த கை

அந்தக் காலத்து அளவில் இப்போது ஓடு வருவதில்லை. புது ஓடு பழையதோடு சேர்ந்து உட்காராது. விசாரித்ததில் கணியம்பாடியில் ஒரு பழைய வீட்டை இடிப்பதாகச் சொன்னார்கள். ரீப்பரை எல்லாம் புதிதாக அடித்துவிட்டு, அதே அளவு ஓடு ஒரு டெம்போ நிறைய ஏற்றி வந்தோம்.

அதற்கப்புறம்தான் பேஜார் ஆரம்பித்தது. முனிரத்தினம் அண்ணன் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் கிரேடு பிரித்தவர். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு ஓட்டையும் வெளிச்சத்தில் திருப்பி, உள்ளங்கையால் தடவி, விரலால் தட்டி, அடிப்பக்கத்தில் சாக்பீசால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டார்.

"அண்ணா, இது ஓடு. தோல் இல்ல."

"எதுவா இருந்தா இன்னாம்மா? செலக்‌ஷன்னா செலக்‌ஷன்தான்" என்றவர், ஒரு ஓட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

முகட்டில் உட்கார்ந்திருந்த நான் சிரித்த சிரிப்பில் உருண்டு விழப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தரையில் நின்றபடி எனக்காகத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் அந்தக் கையைக் குறை சொல்ல முடியாது. நான் நல்லது என்று எடுத்து வைத்ததில் மயிரிழை விரிசலைக் காட்டினார். மூலை உடைந்தது, ரீப்பரில் மாட்டும் கொக்கி தேய்ந்தது எல்லாம் மூன்றாம் நம்பர். வேறு ஓடு கிடைக்காததால் அதையும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

"ஒண்ணாம் நம்பர் தெருப் பக்கம். மூணாம் நம்பர் பின்னாடி சமையக்கட்டுக்கு. அங்க யாரு பாக்கப் போறா?" என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. கட்டிங்கில் ஒன்பது வருஷம் நான் செய்ததும் அதுவே. ஷூவின் முன்பக்கத்துக்கு நல்ல தோல், உள்ளே மறைகிற நாக்குக்கு மட்டமான தோல். கம்பெனியை விட்டு வந்தும் கம்பெனி என்னை விடவில்லை.

சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. தெருவில் நின்று பார்த்தேன். வீடு பூ வைத்துக்கொண்ட புதுப்பெண் மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் நானே கைதட்டிக்கொண்டேன்.

3. பதினொரு மணி மழை

நிச்சயத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். தட்டு மாற்ற உட்கார்ந்த நேரம் பார்த்துக் கிழக்கே இருந்து மழை பிடித்துக்கொண்டது. காற்றும் ஜாஸ்தி. ஹாலில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. முனிரத்தினம் அண்ணன் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார்.

"கஸ்தூரீ!" என்று சமையல்கட்டிலிருந்து சரோஜா அக்கா கத்தினார்.

ஓடிப் போனேன். கொக்கி தேய்ந்த ஓடுகள் காற்றில் சரிந்து கிடந்தன. மூலை உடைந்த இடமெல்லாம் தண்ணீர். வடைச் சட்டி எண்ணெய் படபடவென்று வெடித்தது. அண்டாவில் சாம்பார் தன்பாட்டுக்கு ரசமாகிக்கொண்டிருந்தது. ஐம்பது பேர் சாப்பாடு, ஒரு பெண்ணின் நல்ல நாள், நான் கொடுத்த வாக்கு.

கையில் மிச்ச ஓடு ஒன்றுகூட இல்லை. வாசல் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த ஒண்ணாம் நம்பர்தான் கதி.

"அண்ணா, வாசல் ஓட்டப் பிரிக்கணும்."

"முன்பக்கமா? எல்லாரும் பாக்கறாங்கம்மா!"

"சாம்பாரையும் எல்லாரும்தாண்ணா சாப்பிடப் போறாங்க."

அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "மேஸ்திரி, ஏறுங்க!"

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. தாழ்வாரம் உயரம் கம்மி, ஒரு முக்காலி போதும். சாமியை வேண்டிக்கொண்டு ஏறினார். கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு ஓடாக உருவிக் கொடுத்தார். நான் சமையல்கட்டில் மேஜை மேல் நின்று, மூன்றாம் நம்பரைக் கழற்றி வைத்துவிட்டு நல்லதை அடியிலிருந்தே மாட்டினேன். வாசலுக்கும் எனக்கும் நடுவில், தாம்பூலத் தட்டுகளைத் தாண்டி, வேட்டியும் பட்டுப் புடவையுமாக ஒரு வரிசை நின்று ஓடு கடத்தியது. மாப்பிள்ளையும் எழுந்து வந்துவிட்டார். அவருக்கு அடுத்த ஆள் கௌசல்யா. அவர் கையிலிருந்து அவள் முதல்முதலாக வாங்கியது மோதிரம் இல்லை, சாக்பீசில் ஒன்று என்று எழுதிய ஒரு ஓடு. வீடே கைதட்டிச் சிரித்தது.

ஒழுகல் நின்றது. அப்போதுதான் யாரோ, "ஐயையோ, செருப்பு!" என்றார்கள்.

பிரித்த தாழ்வாரத்துக்குக் கீழேதான் வந்தவர்கள் அத்தனை பேரும் செருப்பும் ஷூவும் கழற்றி விட்டிருந்தார்கள். எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தன. நல்ல தோலை அந்தக் கோலத்தில் பார்த்த முனிரத்தினம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மா முகத்தையே பார்த்தோம். அவர் தம் செருப்பை எடுத்துக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார்.

"வந்தவங்க சாப்பாட்டுக்காக வூட்டு முன்பக்கத்தையே பேத்துட்டீங்களே சம்பந்தி! இந்த வூட்டுல வளந்த பொண்ணுதான் எங்களுக்கு வேணும். செருப்புக்கா ஆம்பூர்ல பஞ்சம்?"

அவர் சொல்லி முடித்ததும் கிளம்பிய சிரிப்பில் மழைச் சத்தமே கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசலிலிருந்து மட்டும் ஒரு குரல் கெஞ்சியது: "கஸ்தூரி, யாராவது வந்து என்ன எறக்கி வுடுங்களேன்!"

மறுநாளே போய் மாற்றிப் போட்டோம். ஒண்ணாம் நம்பர் பின்னால், மூணாம் நம்பர் கம்பி கட்டி முன்னால். தெருவில் போகிற யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஷூவுக்கு எது முன்பக்கம் என்று வாங்குகிறவர் சொல்வார், கூரைக்கு அதை மழைதான் சொல்லும். முதல் நாளே சரோஜா அக்காவும் சொன்னார். கேட்காதது என் தப்பு.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஏணியைச் சாத்துவதற்கு முன் நேராகச் சமையல்கட்டுக்குப் போகிறேன். "மழ எந்தப் பக்கம் அடிக்கும்க்கா?" என்று கேட்கிறேன். இதுவரை ஒருவர்கூட யோசித்துப் பதில் சொன்னதில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, கையில் இருக்கிற கரண்டியால் காட்டிவிடுகிறார்கள்.