சிவப்பு வால், நீல வால், மஞ்சள் வால்

எலி பிடிக்கிறவனுக்குத் தெருவில் மரியாதை உண்டு. பிடித்த எலியைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவனுக்குக் கிடையாது. அந்த இரண்டாவது வேலையைத்தான் எண்பதுகளின் கடைசியில் நான் அம்பத்தூரில் பார்த்தேன். கணக்கெடுப்புக்கும் சொட்டு மருந்துக்கும் வீடு வீடாகக் கதவு தட்டி, நாய்க்கும் மனிதருக்கும் பதில் சொல்லிச் சலித்த நண்பர்களே, இது உங்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

நான் அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இரும்பு கடையும் லேத் ஓட்டியவன். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காக என்னைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். பின்னால் நின்று கோஷம் போட்டவர்கள் மறுநாளே உள்ளே போய்விட்டார்கள். அதையும் நான் மறக்கவில்லை. படிப்பென்று எனக்கு இருந்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்கள். அதை நம்பி வேலை கொடுத்தவர் ஒரு கால்நடை டாக்டரம்மா.

எஸ்டேட்டுக்குப் பின்னால், கால்வாயோரத்து மூன்று தெருக்களில், மழை நின்றதும் ஒரு காய்ச்சல் வரும். கண் சிவக்கும், கெண்டைக்கால் வலிக்கும், சிலருக்கு மஞ்சள் காமாலையில் போய் முடியும். எலியின் மூத்திரம் தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் உள்ள புண் வழியாக ஏறுகிற காய்ச்சல் அது. மாட்டுக்கும் வரும், மாட்டிடமிருந்தும் வரலாம். எலி, எருமை, மனிதர், தண்ணீர் நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

கொடி கட்டிய எலி

எலியைப் பொறியில் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, துளி ரத்தம் எடுத்து, வாலில் சாயம் பூசிப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எலி எங்கெல்லாம் போய் வருகிறது என்று தெரிந்தால்தான் நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியும். முதல் தெருவுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், கால்வாயை ஒட்டிய மூன்றாவதற்கு மஞ்சள்.

முதல் தெரு ஏகாம்பரம் எனக்குப் பக்கத்து லேத்தில் நின்றவன். மறுநாளே உள்ளே போனவர்களில் அவனும் ஒருவன். அவன் வீட்டு வாசலில் நான் சிவப்பு வாலோடு ஒரு பெருச்சாளியை இறக்கிவிட்டதை, பல் தேய்த்துக்கொண்டே பார்த்தான். துப்பிவிட்டுச் சொன்னான்:

“மின்ன ஆளுங்களுக்குச் சிவப்புக் கொடி புடிக்கக் கத்துக்குடுத்தே. நாங்க சரியா வர்லன்னு இப்போ எலியச் சேக்குறியா, மாமே?”

பால் ஐஸ்

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து, மின்சார ரயிலில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு நாள் அண்ணனூரில் ஏறிய ஒரு அம்மா என் எதிரில் உட்கார்ந்தார். மடியில் குழந்தை. அதன் கண் என் பெட்டி மேல்.

“ரெண்டு பால் ஐஸ் குடு, அண்ணாத்தே” என்றார். ஐஸ் விற்கிறவன் இல்லை என்றேன். “பெட்டில இன்னா கீது பின்ன?” என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். எலி ரத்தமும் எருமை மூத்திரமும் இருக்கிறது என்றேன். ரயில் பெட்டியில் ஒரு பக்கமே காலியானது. அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“குடுக்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லு. அதுக்கு ஏன் நைனா இப்டி அசிங்கமா பேசுறே?”

லட்சுமியுடன் பேச்சுவார்த்தை

மூன்றாம் தெருவின் கடைசியில் சரோஜாக்காவின் எருமைக் கொட்டகை. புருஷன் போன பிறகு அவருக்கிருந்த பிழைப்பே அந்த எருமைகள்தான். மூன்று தெருவும் அங்கேதான் பால் வாங்கும். கொட்டகைத் தண்ணீர் கால்வாயில் இறங்குவதால் காய்ச்சலுக்குக் காரணம் எருமைதான் என்று ஏகாம்பரம் முடிவுகட்டியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் மனைவி அந்த வருஷம் இந்தக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி உடம்போடு திரும்பி வந்திருந்தாள். பொங்கல் கழிந்ததும் தெருக்கூட்டம், கொட்டகையைக் காலி செய்யச் சொல்வது என்று பேச்சு.

எருமை ரத்தத்தை டாக்டரம்மாவே எடுத்துவிட்டார். மூத்திரத்திலும் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லட்சுமி என்ற எருமைக்குப் பின்னால் டப்பாவோடு நின்றேன். நான் நிற்கிறவரைக்கும் பெய்யாது. டீ குடிக்க நகர்ந்தால் பெய்யும். சோதனையில் ஏதாவது வந்தால் பிழைப்பு போய்விடும் என்று சரோஜாக்காவுக்கு உள்ளூரப் பயம். என்றாலும் நான் நின்ற நிலையைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மொதலாளியவே மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பியாமே. எங்க லட்சுமியாண்ட பேசி ஒரு சொட்டு வாங்கு பாப்போம்.”

நடைப்பயிற்சி

எருமைக் கொட்டகைப் பொறிகளில் மஞ்சள் வால்தான் விழ வேண்டும். எனக்கோ சிவப்பும் நீலமும் விழுந்தன. லாரி ஓடுகிற சாலையைத் தாண்டி வீட்டெலி இத்தனை தூரம் வராதே என்று டாக்டரம்மாவுக்குக் குழப்பம். உழைக்கும் எலிகள் எல்லைகளைக் கடந்து ஒன்றுசேர்கின்றன என்று நான் விளக்கம் கொடுத்தேன். அம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, கொட்டகை ஓரம் பொறிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் வந்தான். கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து தன் வீட்டு மரப்பொறியை எடுத்து, கதவைத் தூக்கி, ஒரு தட்டுத் தட்டினான். சிவப்பு வால் ஒன்று நேராக எருமைத் தீவனத்துக்குள் ஓடியது. நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான். காலிப் பொறியைப் பைக்குள் திணித்தான். என்ன இது என்று கேட்டேன். அவன் வீட்டில் மட்டுமில்லை, இரண்டு தெருவிலும் பலர் வீட்டில் இதுதான் வழக்கமாம். காலையில் நடக்கப் போகிறவர்கள் பொறியையும் எடுத்துப் போவார்கள்.

“புள்ளையாரு வாகனத்த அடிச்சுக் கொல்ல முடியுமா, மாமே? அதான் இங்க கொண்டாந்து உட்றது. இங்கன்னா அதுக்குத் துன்ன தீனி கீது.”

கொட்டகை முன் கூட்டம்

கூட்டம் கொட்டகை முன்னாலேயே கூடியது. சரோஜாக்கா எருமைகளுக்குப் பக்கத்தில் நின்றார். டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்: லட்சுமிக்கும் நோய் வந்து போன அடையாளம் ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் எருமையைத் துரத்தினால் காய்ச்சல் போகாது, எலி மூத்திரம் பட்ட தீவனத்தைத் தின்று அதுவும் உங்களைப் போல நோயாளி ஆகியிருக்கலாம். யாரோ “எலி எங்கேர்ந்து வருது? இந்தக் கொட்டகைலேர்ந்துதானே?” என்றார்.

அன்று காலை கொட்டகையில் பிடித்த எலிகளைக் கூண்டோடு நான் நடுவில் வைத்தேன். மஞ்சள் வாலுக்குப் பக்கத்தில் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் நீலம். எந்தத் தெருவுக்கு என்ன நிறம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஏகாம்பரம் பெயரைச் சொல்ல என் நாக்குத் துடித்தது. கேட்டுக்கு வெளியே தனியாக நின்ற அந்தக் காலையிலிருந்து துடிக்கிற நாக்கு. ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் அவன் மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவனே எழுந்தான். “செவப்பு வாலு எங்க ஊட்டுது. நான்தான் இட்டாந்து உட்டேன்” என்றான். மனைவியைப் பார்க்காமல் சொன்னான். என்னோடு பழகிய காலத்தில் முதல் முறையாக அவன் எனக்கு முன்னால் எழுந்து நின்றான். அதன் பிறகு நீல வால்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எருமையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. கால்வாயைத் தூர் வாரச் சொல்லி நகராட்சிக்குப் போவது என்று முடிவானது. கலையும்போது சரோஜாக்கா லட்சுமியின் கழுத்தைத் தடவிக்கொண்டே பொதுவாகச் சொன்னார்:

“நாளைக்குப் பாலு வாங்க வரும்போது கையில சொம்பு மட்டும் இருந்தா போதும், நைனா.”

எத்தனையோ பிரசுரம் அடித்துக் கொடுத்தும் என்னால் ஒரே கூட்டத்தில் எழுந்து நிற்க வைக்க முடியாத இரண்டு தெருக்களை, வாலில் கொஞ்சம் சாயத்தோடு எலிகள் நிற்க வைத்தன என்பதை இன்றுவரை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.