அருளானந்தம் மேலேயே நின்ற பட்டியல்

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. ஒன்பதரைக்கு அலுவலகத்தைத் திறந்து, காபி குடித்து, முந்தைய நாள் பேக்கப்பைச் சரிபார்த்தேன். புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் இரண்டே பேர். நான் நிரல் எழுதுவேன். அமலா டெஸ்ட் செய்வார்.

பதினொரு மணிக்கு ஜோதி அழைத்தார். ஒரு ரத்த தானக் குழுவுக்காகக் கொடையாளர்களைப் போனில் கூப்பிடுபவர். மறுநாள் காலை ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சை. பி நெகட்டிவ் வேண்டும். ரத்தம் கொடுத்து நெடுநாள் ஆனவரை முதலில் கூப்பிடுவது குழுவின் புது ஏற்பாடு. அந்த வரிசையைத் தருவது எங்கள் மென்பொருள். மேலிருந்து ஐந்து பேரை அழைத்துவிட்டாராம். ஐவருமே சமீபத்தில் கொடுத்தவர்கள்.

"கந்தர்வக்கோட்டை அருளானந்தம் அண்ணன், 'போன மாசந்தானம்மா குடுத்தேன், ஊற விடமாட்டீங்களா'ங்கிறாரு சார். அப்பறம் அவரே, 'ஆளு கெடைக்கலன்னா சொல்லு, பஸ் ஏறி வாரேன்'ங்கிறாரு."

வந்தாலும் அவரிடம் எடுக்க மாட்டார்கள். மூன்று மாத இடைவெளி வேண்டும்.

பட்டியலைத் தேதிப்படியோ ஊர்ப்படியோ அடுக்கும் வசதியைச் சென்ற வாரம்தான் சேர்த்திருந்தோம்; அதுவரை பதிந்த வரிசையில்தான் கூப்பிட்டு வந்தார்கள். எங்களுக்காகத் தரவுத்தளத்திடம் கேட்கும் ஆயத்த நிரல்தொகுப்பு லைப்ரரி. அது கட்டித் தந்த கேள்வியை, அதாவது குவரியை, அப்படியே திரையில் எடுத்துப் பார்த்தேன். அடுக்க வேண்டிய நெடுவரிசையின் பெயரை, 'பி நெகட்டிவ்' என்ற தேடும் மதிப்பைப் போலவே அனுப்பியிருந்தோம். லைப்ரரி அதை மேற்கோள் குறிக்குள் போட்டு வெறும் சொல்லாக்கிவிட்டது. எல்லா வரிக்கும் ஒரே சொல் என்றால் எதை வைத்து அடுக்கும்? பதிந்த வரிசையிலேயே பெயர்கள் வந்தன. குழுவில் முதலில் பதிந்தவர் அருளானந்தம்.

அமலா, சோதித்துப் பார்க்கத் தாமே தயாரித்த டெஸ்ட் பட்டியலைத் திறந்தார். அதில் அத்தனை பேரையும் தேதி வரிசையிலேயே பதிந்திருந்தார். அடுக்காமலே அடுக்கியதுபோல் வந்திருக்கிறது.

"எங்க வீட்டுல டப்பாகூட ஒசரப்படிதான் சார் நிக்கும்" என்றார்.

நெடுவரிசைப் பெயருக்கென்று லைப்ரரியில் தனி வழி உண்டு. அதற்கு மாற்றினோம். திரையிலிருந்து தேதி, ஊர் இரண்டைத் தவிர வேறு பெயர் வந்தால் ஏற்காதபடியும் செய்தோம். பன்னிரண்டரைக்கு ஜோதி மறுபடி பட்டியலைத் திறந்தார். முதல் பெயர் கீரமங்கலம் செல்வராணி, பூ வியாபாரி.

"போன வருசத்துக்கப்பறம் கூப்பிடவே இல்லையே, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாராம். மாலையில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அருளானந்தத்துக்கும் ஜோதி தகவல் சொன்னார். தம் பெயர் பட்டியலின் கீழே போய்விட்டது என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "கீழ இருந்தாலும் பேரு இருக்குல்லம்மா?"

பிழைச் செய்தி வராததாலேயே ஒரு குவரி சரியென்று ஆகிவிடாது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை, காபிக்கும் முன்பு, அமலா டெஸ்ட் பட்டியலின் வரிசையைக் கலைத்துப் போட்டார். மனசே இல்லாமல்தான்.